தெற்கெல்லை

மார்ச் 3, செவ்வாய்

உறைமழை. டிரைவ்வேக்கு உப்புப் போடப் போய் விழுந்து, இடது முழங்கால் நீலம். இடைத்தவணை விடைத்தாள்கள் பாதி அப்படியே. ஒரு பிள்ளை எழுதியிருக்கிறது: நாடு என்பது மற்ற நாடுகள் நாடு என்று சொல்வது. முழுப் புள்ளியும் கொடுத்தேன். இருபது வருடமாக இதைத்தான் கல்லூரியில் படிப்பிக்கிறேன்.

பின்னேரம் தர்மலிங்கம் அங்கிள் வீட்டில், தனிநாடு கேட்கும் குழுவின் கூட்டம். நாங்கள் கனடாவுக்கு வந்த புதிதில் பார்க்டேலில் தன் ஒற்றை அறையில் எங்கள் குடும்பத்தை வைத்திருந்தவர். கூப்பிட்டால் போகிறேன். வேறு காரணம் இல்லை. அவர்கள் கேட்கும் நாட்டில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. மற்ற நாடுகளிலும் பெரிதாக இல்லை.

விஷயம் இதுதான். போருக்குப் பின் பிரிந்துபோய் ஐ.நா.வில் உறுப்பினரான ஒரு சின்ன நாட்டின் தூதர் ரொறன்ரோ வழியாகப் போகிறார். அடுத்த செவ்வாய், விமான நிலையத்தடி ஹோட்டலில், எங்களுக்கு ஒரு மணி நேரம். எங்கள் நாட்டை அங்கீகரிக்கக் கேட்கும் மனுவை ஆங்கிலத்தில் எழுதுவதும் அவரோடு கதைப்பதும் என் வேலை. அவருடைய உதவியாளர் தொலைபேசியில் ஒரு புத்தி சொன்னாராம்: எல்லையில் விட்டுக்கொடுக்கத் தயார் என்று காட்டுங்கள், நாங்களும் இரண்டு மாவட்டத்தை விட்ட பிறகுதான் கதவு திறந்தது.

ரமணன் மேசையில் வரைபடத்தை விரித்தான். குழுவின் செயலாளர். வீடு விற்பவன், எல்லாவற்றையும் வீடு விற்பதுபோலக் கதைப்பான். வடக்கு, கிழக்கு, கிழக்கின் அடியில் கரையோரமாக ஒடுங்கி இறங்கும் துண்டு.

"உந்த வாலைப் பாருங்கோ அக்கா. உதை வெட்டினா என்ன குறையப்போகுது?"

"வாலில சனம் இருக்கு."

"கலப்புச் சனம். எங்கட கேஸ் வீக்காகுது."

"அங்க இருக்கிற முஸ்லிம் சனத்தைக் கேட்டனீங்களோ? வேண்டாம், தமிழ்ச் சனத்தையாவது கேட்டனீங்களோ?"

அங்கிள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பிள்ளை, முதல்ல வீட்டை வாங்குவம். கோடிப்புறத்தைப் பற்றிப் பிறகு யோசிப்பம்."

வாலில்தான் மருதடிவட்டை. என் கணவர் சிவத்தின் ஊர். எங்களோடு இருக்கும் அவருடைய அக்கா, பூமணி மச்சாளின் ஊர். ரமணனுக்கு இது தெரியாது. அங்கிளுக்குத் தெரியும். அவர் வாய் திறக்கவில்லை. நானும் இல்லை.

எழுதித் தருகிறேன் என்று வந்துவிட்டேன். இல்லாத நாட்டின் வாலை வெட்டினால் யாருக்கு இரத்தம் வரப்போகிறது?

மார்ச் 4, புதன்

பால், பாண், பனடோல், கராஜ் லைற்.

மச்சாள் வேலையால் வந்து மீன் வெட்டினார். கோழித் தொழிற்சாலையில் நாள் முழுக்கக் கத்தி, வீட்டிலும் கத்தி. பாரையின் தலையை ஒரே போடு. என்னை வெட்ட விடமாட்டார். "நீ மீனத் தடவுற கா" என்பார், தன் ஊர் வழக்கில்.

சனிக்கிழமைப் பொதுக்கூட்டத்துக்கு மச்சாளைச் சுடர் ஏற்றக் கூப்பிட்டிருக்கிறார்கள். வழமைதான். எங்கள் கூட்டங்களில் யார் பேசினாலும் பேசாவிட்டாலும், முதலில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய் ஒருத்தி சுடர் ஏற்ற வேண்டும். அதன்பின் மாண்டவர்களுக்கு அகவணக்கம். அதன்பின்தான் மைக். மச்சாள் இதை வேலை மாதிரி எடுப்பதில்லை, விரதம் மாதிரி எடுப்பார். நாளை தொடக்கம் மச்ச மாமிசம் இல்லை. வெள்ளைச் சேலை இப்பவே கதவில் தொங்குகிறது.

மச்சாளின் மூத்த மகனைச் சுற்றிவளைப்பில் சீருடைக்காரர் கொண்டுபோனார்கள். வாய்க்காலில் கிடந்தான், கைகள் பின்னால் கட்டியபடி. கயிற்றை அறுத்தது மச்சாள்தான். நனைந்து இறுகிய கயிறு. கத்தி பிள்ளையின் மணிக்கட்டில் இறங்கிவிட்டது. அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வார். "வெட்டிப்போட்டன் கா. ரத்தம் வரல்ல." வயல் வட்டையின் கரையில், மருத மரத்தடியில் புதைத்தார்கள். இளையவனை ரியூசனுக்குப் போன வழியில் எங்கள் இயக்கத்து ஆட்களே பிடித்துக்கொண்டுபோனார்கள். வன்னியில் முடிந்தான். உடல் இல்லை. ஆக மச்சாளிடம் இருப்பது ஒரு குழி. அதுவும் மருதடிவட்டையில்.

நேற்று எழுதிய கடைசி வரியை இன்று வாசித்தேன். வெட்டவில்லை. விட்டுவிட்டேன்.

மார்ச் 6, வெள்ளி

மனு முடிந்தது. நான்காம் பந்தி: தெற்கெல்லை இறுதியானதல்ல, பேச்சில் தீர்க்கப்படலாம். நல்ல ஆங்கிலம். யாரையும் குத்தாத வசனம். இப்படியான வசனங்களால்தான் கிராமங்கள் போயிருக்கின்றன. வகுப்பில் நானே சொல்வது.

அங்கிளுக்குத் தொலைபேசி. "சனிக்கிழமை மச்சாள் வாறா. வால் வெட்டின புதுப் படம் வெளியில வரக்கூடாது, அங்கிள்."

"என்ன விசர்க்கதை, பிள்ளை? அது தூதருக்கு மட்டும்தானே."

இரவுச் சாப்பாட்டில் மகள் நிலா என் கணினியில் எட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா, லைக், இற்ஸ் நொட் ஈவன் எ றியல் கன்றி" என்றாள், அது உண்மையான நாடே இல்லையாம். சிவம் கறிச்சட்டியைப் பார்த்தபடி இருந்தார். மச்சாளுக்கு ஆங்கிலம் விளங்காது, தொனி விளங்கும். "என்ன சொல்லுறாள்?" என்றார். கறி உறைப்பு என்கிறாள் என்றேன்.

மார்ச் 7, சனி

ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

வோபர்ன் பகுதி. பலசரக்குக் கடைக்கு மேல்மாடி மண்டபம். நல்ல கூட்டம். ரோல்ஸ், சோடா. மேடையில் குத்துவிளக்கு, அதன் பின்னால் ஆள் உயரத்துக்குப் புதுப் பதாகை. சிவப்பில் பொன்னிற வரைபடம். அடியில், கத்தரிக்கோலால் வெட்டியதுபோல் நேர்கோடு. வால் இல்லை.

அச்சுக்கடைக்கு ரமணன் பழைய படத்தை அனுப்பாமல் புதியதை அனுப்பியிருக்கிறான். கவனிக்கவில்லையா, யாரும் கவனிக்கமாட்டார்கள் என்று நினைத்தானா, தெரியவில்லை. பழைய படத்தைச் சங்கிலியில் போட்டு, சுவரில் மாட்டி, கேக்கில் வெட்டிச் சாப்பிட்ட சனம். கண்ணை மூடிக்கொண்டே கீறும்.

நான் கண்டு எழும்புவதற்குள் மச்சாளைக் கூப்பிட்டுவிட்டார்கள். வெள்ளைச் சேலை, கையில் கொளுத்திய மெழுகுதிரி. விளக்குக்கு முன்னால் நின்றார். திரியைப் பார்க்கவில்லை. பதாகையைப் பார்த்தார். சனமெல்லாம் எழும்பி நின்றது.

"தம்பி, எங்கட ஊர் எங்க?"

மைக் பிடித்துவிட்டது. மண்டபம் முழுக்கக் கேட்டது.

ரமணன் சிரித்தபடி கிட்டப் போனான். "அம்மா, பிறகு கதைப்பம். இப்ப ஏத்துங்கோ."

"ஏத்துறன். ஊர் எங்க?"

"அம்மா, சனம் நிக்குது." மணிக்கட்டைப் பிடித்து மெழுகுதிரியைத் திரிக்குக் கொண்டுபோனான்.

மணிக்கட்டைப் பிடித்திருக்கக் கூடாது.

மச்சாள் கையை உதறி மெழுகுதிரியை அவன் கன்னத்தில் குத்தினார். நெருப்போடு. அவன் குழறியபடி அவரைத் தள்ளினான். மச்சாள் விளக்கோடு சேர்ந்து விழுந்தார். விளக்கின் பித்தளை விளிம்பு புருவத்தைப் பிளந்தது. வெள்ளைச் சேலையில் இரத்தம் இறங்கிய வேகம். அதை இப்போதும் பார்க்கிறேன்.

சிவம் கதிரைகளுக்கு மேலால் பாய்ந்தார். இருபத்து மூன்று வருடத்தில் அந்த மனிதன் ஒரு நாயைக்கூட அடித்ததில்லை. ரமணனின் மூக்கில் விழுந்த அடி எனக்குக் கேட்டது, பச்சைத் தடி முறிகிற சத்தம். பின்னால் இருந்து ஒருவன் மடக்குக் கதிரையால் சிவத்தின் முதுகில். அதன்பின் யார் யாருக்கு என்று தெரியவில்லை.

"மட்டக்களப்பான்ர குணம் பார்!"

"ஓம்டா, யாழ்ப்பாணத்தானுக்கு எப்பவும் தன்ர வீட்டு முத்தம் மட்டும்தான் நாடு!"

"துரோகி!"

"ஆரடா துரோகி? நீயடா துரோகி!"

ஒருவர் மைக்கைப் பிடித்து "அமைதி, அமைதி" என்று சொல்லிக்கொண்டே அந்த மைக்கால் பக்கத்தில் நின்றவரின் மண்டையில் போட்டார். ஸ்பீக்கரில் மண்டை அதிர்ந்தது. மெழுகுதிரி விழுந்து, சிந்திய எண்ணெயில் கம்பளம் பற்றிக்கொண்டது. யாரோ சோடாவைக் குலுக்கி ஊற்றி அணைத்தார்கள். அங்கிளின் கண்ணாடி காலடியில் நொறுங்கிக் கிடந்தது. அவர் அதன் மேலேயே நின்று கத்திக்கொண்டிருந்தார்.

அகவணக்கம் நடக்கவில்லை.

பொலிஸ். கேட்டவர்கள் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: விழுந்துவிட்டோம். மூக்கால் இரத்தம் ஒழுக ரமணனும் அதையே சொன்னான். "இவ்வளவு பேருமா?" என்றாள் பொலிஸ்காரி. "ஐஸ்" என்றார் அங்கிள். "உள்ளுக்குள்ளேயா?" அவர் ஓம் என்று தலையாட்டினார்.

எமேஜென்சியில் மச்சாளுக்குப் புருவத்தில் தையல். விறைப்பூசி போடும்போதுகூட முகம் சுளிக்கவில்லை. சொன்னது இவ்வளவுதான். "கோடு நேரா இரிக்கி புள்ள. ஸ்கேல் வச்சுக் கீறியிருக்கானுகள்."

மார்ச் 8, ஞாயிறு

மணிக்கூடுகளை ஒரு மணி முன்னுக்குத் தள்ளும் நாள். அடுப்பு, சிவத்தின் வான் வண்டி, வரவேற்பறை. மச்சாளின் அறையில் இருப்பது பழைய வரைபட வடிவ மணிக்கூடு. கழற்றினேன். கட்டிலில் இருந்தபடி கையை நீட்டி வாங்கிக்கொண்டார். ஒரு கண் வீங்கி மூடிப்போயிருந்தது. ஐந்துக்குக் கீழே விரலை வைத்தார்.

"இஞ்சதானே வெட்டின?"

"ஓம், மச்சாள்."

"ஆர் எழுதின?"

பொய் சொல்ல நேரம் இருந்தது. "நான்தான்."

வாசலில் சிவம் நின்றதை நான் காணவில்லை. பக்கத்துச் சுவரில் ஒரு குத்து. பலகைச் சுவர், கை மணிக்கட்டுவரை உள்ளே போய்விட்டது. இழுத்தெடுத்தார், தோல் உரிந்து. கீழே போனார். அது என் முகத்துக்கு என்று வந்து திசை மாறிய குத்து. இருவருக்கும் தெரியும்.

"ஏன் கா?" மச்சாளின் குரல் உயரவில்லை.

"அப்பிடி ஒரு நாடே இல்லையே, மச்சாள். எழுதினா என்ன, எழுதாட்டி என்ன எண்டு நினைச்சன்."

"இல்லாத நாட்டுக்குத்தானே கா என்ட புள்ள ரெண்டும் போன. அந்த இல்லாததுலயும் எனக்கு ஒரு துண்டு இல்லையா?"

என் கன்னத்தில் ஒன்று போட்டார். கோழி வெட்டும் கை. காது இன்னும் இரைகிறது. நாற்பத்தெட்டு வயதில்.

பிறகு மணிக்கூட்டை என்னிடம் தந்தார். "நேரத்த மாத்திப்போட்டுக் கொழுவு."

மாற்றிக் கொழுவினேன்.

மார்ச் 9, திங்கள்

விடியக் கண்ணாடிச் சத்தம். முன் ஜன்னலால் செங்கல். சோபா முழுக்கத் தூள். கராஜ் கதவில் சிவப்புப் பெயின்ற்: துரோகி. யார் என்று தெரியவில்லை. வாலை வெட்டினேன் என்று கிழக்கு ஆட்களா, கூட்டத்தைக் குழப்பினோம் என்று மற்றவர்களா? இரண்டு பக்கமும் இப்போது ஒரே சொல்லைத்தான் பாவிக்கிறது.

நிலா தமிழ் வாசிக்க மாட்டாள். "வட் டஸ் இற் சே?" என்றாள். சொன்னேன். "ஆருக்கு? உங்களுக்கா, மாமிக்கா?" நல்ல கேள்வி.

சிவம் செங்கல்லைத் தூக்கி வானின் முன் சீற்றில் வைத்துக்கொண்டு பிறம்ரனுக்கு வேலைக்குப் போனார். "ரமணன்ர வீட்டு அட்றஸ் எனக்குத் தெரியும்." சனிக்கிழமைக்குப் பிறகு என்னோடு பேசிய முதல் வசனம். பின்னேரம் செங்கல்லோடு திரும்பி வந்தார். எங்கும் போகவில்லைப் போலும். இப்போது அது சப்பாத்துத் தட்டில் இருக்கிறது.

அங்கிளிடம் நான்காம் பந்தியை எடுக்கச் சொன்னேன். அச்சடித்தாயிற்றாம். "உணர்ச்சியால நாடு கிடைக்காது, பிள்ளை. நீதானே உதைப் படிப்பிக்கிறாய்?"

அப்படியானால் மச்சாளும் வருவார், இல்லையென்றால் நான் இல்லை என்றேன். என்னை விட்டால் அந்த ஆங்கிலம் கதைக்க ஆள் கிடையாது. அங்கிள் ஓம் என்றார்.

மார்ச் 10, செவ்வாய்

மழை. நெடுஞ்சாலையில் ஒரு ட்ரக் சரிந்து கிடந்தது. மச்சாள் எட்டி எட்டிப் பார்த்தார்.

ஹோட்டலில் சின்ன அறை, ஜன்னல் இல்லை. தூதர் மெலிந்த மனிதர், நல்ல கோட். அங்கிள் பழைய கண்ணாடியை ஒட்டுப் போட்டு வந்திருந்தார். மச்சாள் அதே வெள்ளைச் சேலை. தோய்த்தும் கறை போகவில்லை. வேறு சேலை உடுக்கச் சொன்னதற்கு என்னைப் பார்த்த பார்வை.

தூதர் மனுவை விரைவாகப் புரட்டினார். நான்காம் பந்தியில் நின்றார். முகம் மலர்ந்தது. இதுதான் முதிர்ச்சி என்றார். இரண்டு மாவட்டம் விட்ட நாளில் அவர்கள் தலைநகரில் கல்லெறி, கட்டடங்களுக்குத் தீ. ஒரு வருடத்தில் அடங்கிவிட்டதாம். அங்கிள் ஆமோதித்துத் தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

"என்ன சொல்லுறான்?"

சொன்னேன்.

"அந்த ரெண்டு மாவட்டத்துச் சனம் இப்ப எங்க இரிக்கி எண்டு கேள்."

கேட்டேன். பெரும்பாலும் தங்கள் பக்கம் வந்துவிட்டார்கள் என்றார். முகாம், பிறகு அடுக்குமாடி.

"வீடு வாசல்?"

அவர் கோப்பையைத் தட்டில் வைத்தார். எரித்தாயிற்று என்றார். யார், அந்தப் பக்கத்தாரா என்று கேட்டேன், அது என் கேள்வி. இல்லை, எங்கள் சனமே என்றார். மற்றவன் வந்து படுக்கக் கூடாதென்று, கையளிப்பதற்கு முதல்நாள், அவரவர் தங்கள் வீட்டைத் தாங்களே. பழமரங்களைத் தறித்தார்கள். கிணற்றில் செத்த மாட்டைப் போட்டார்கள். சிலர் புதைத்தவர்களைத் தோண்டி எடுத்து ட்ராக்டரில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். என் மாமனாரும் அப்படி ஏற்றி வந்தவர், என்றார். வானிலை சொல்வதுபோலச் சொன்னார்.

அங்கிள் என் பக்கம் சாய்ந்தார். "இதைச் சொல்லாதை, பிள்ளை."

சொன்னேன். ஒரு சொல் விடாமல். தோண்டி எடுத்ததையும்.

மச்சாள் கேட்டுக்கொண்டிருந்தார். திறந்திருந்த ஒற்றைக் கண் தூதரின் மேல்.

"அவரிட்டச் சொல்லு. எங்கட ஊரயும் எரிக்கிறதெண்டா நெருப்பு வைக்க என்னத்தான் கூப்புடுவாங்க. எப்பவும் என்னத்தானே கூப்புடுற."

அதையும் சொன்னேன்.

பிறகு தூதருக்கு முன்னால் கிடந்த பிரதியை இழுத்து நான்காம் பந்தியின் மேல் கோடு போடத் தொடங்கினேன். அங்கிள் மணிக்கட்டைப் பிடித்தார். எழுபத்தாறு வயதுப் பிடி அல்ல அது, நகம் இறங்கியது.

"பார்க்டேலில அந்த அறையை மறந்திட்டியோ?"

"மறக்கேல்லை, அங்கிள்."

மறக்கவில்லை. கையை முறுக்கி எடுத்தேன். அவருடைய விரல் மேசை விளிம்பில் அடிபட்டு ஒரு சத்தம். கோட்டைக் கடைசி வரிவரை இழுத்தேன். பேனை தாளைக் கிழித்து அடுத்த பக்கத்துக்கும் போய்விட்டது.

தனக்கு இரண்டும் ஒன்றுதான் என்றார் தூதர். தன் தலைநகருக்கு ஒரு குறிப்பு அனுப்புவார், அவ்வளவுதான். அது எனக்கும் தெரியும் என்றேன். எழும்பும்போது, அந்த அம்மா கடைசியாகச் சொன்னதைக் குறிப்பில் சேர்க்கலாமா என்று கேட்டார். மச்சாளைக் கேட்டேன்.

"சேக்கட்டும். ஊர்ப் பேரோட."

அந்தத் தாள் எந்த அலுமாரிக்குப் போய்ச் சேரும் என்று எனக்குத் தெரியும். மருதடிவட்டையை எழுத்து எழுத்தாகச் சொல்லிக் கொடுத்தேன். ஒரு எழுத்தைப் பிழையாக எழுதினார். திருத்துவித்தேன்.

திரும்பும் வழியில் மச்சாள் என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். நகம் பட்ட இடத்தில் கசிந்திருந்தது. பெருவிரலால் துடைத்துவிட்டார். "ரத்தம் வருது" என்றார்.

மார்ச் 11, புதன்

வெயில், ஆனால் குளிர். ஜன்னலுக்குக் கண்ணாடி போட ஆள் வந்தார். பெயின்ற் முழுதாகப் போகவில்லை. கராஜ் கதவில் இன்னும் இளஞ்சிவப்பாகத் தெரிகிறது. சிவம் சுவர் ஓட்டைக்குப் பலகை வாங்கி வந்திருக்கிறார். தேத்தண்ணி போடவா என்று கேட்டேன். ஓம் என்றார். விடைத்தாள்கள் மிச்சம்.

அங்கிளுக்குச் சின்னவிரல் முறிவாம். யாரிடமோ ஐஸில் விழுந்ததாகச் சொல்லியிருக்கிறார்.

மத்தியானம் ரமணன் தொலைபேசியில். கன்னத்தில் கட்டாம், வாய் சரியாகத் திறக்க முடியவில்லை. கலைந்த கூட்டத்தை வாற கிழமை திரும்ப வைக்க வேண்டுமாம்.

"அக்கா, அம்மா வருவாவோ? சுடருக்கு?"

"உனக்கு வெக்கமில்லையோ?"

"வேற தாய்மார் ஒருத்தரும் வரமாட்டம் எண்டுட்டினம், அக்கா. எல்லாரையும் கேட்டுப் பாத்திட்டன். சுடர் ஏத்தாமல் எப்பிடிக் கூட்டத்தைத் துவங்கிறது?"

மச்சாள் கோழி வெட்டிக்கொண்டிருந்தார். கையைச் சேலையில் துடைத்துவிட்டு வந்து தொலைபேசியை வாங்கினார். அவன் சொன்னதைக் கேட்டார்.

"முதல்ல நாட்டுப் படத்தக் கொண்டந்து காட்டு, தம்பி. நெருப்புப்பெட்டி என்னட்டதான் இரிக்கி."